ராத்திரி இரண்டு மணிக்குத் தாங்கியைப் பாருங்கள்: சின்ன ஊரின் குழாய்த் தண்ணீரைக் காப்பாற்றும் வழி

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கி, வளவில் நின்ற பூமரமெல்லாம் வாடி, பைப்பைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் புஸ்ஸென்று காற்று மட்டும் வருகிற மாதத்தில்தான் எல்லா ஊரிலும் தண்ணீர்க் கூட்டம் கூடும். அங்கே என்ன பேசுவார்கள் என்று எனக்கு மனப்பாடம். ஒருவர் எழும்பி மோட்டர்சைக்கிள் கழுவுகிறவனுடைய லைனை வெட்டச் சொல்வார். இன்னொருவர் கோயில் வளவில் ஓஸ் பைப் விடிய விடிய ஓடுவதைச் சொல்வார். கடைசியில் "நீரைச் சேமிப்போம்" என்று பதாகை அடிக்கத் தீர்மானம் போட்டு, பிளேன்ரீ குடித்துவிட்டுக் கலைவார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு சின்னக் கடைத்தெரு ஊரில் தண்ணீர்ச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தபோது நாங்களும் ஒரு பதாகை அடித்தோம். அதைக் கட்டிய கம்பத்துக்குப் பக்கத்தில் நிலத்துக்குள் பைப் வெடித்து ஒழுகிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஏழு மாதம் எடுத்தது.

ஆகவே நான் சொல்லப்போவது முதலில் சனங்களைத் திட்டுவதைப் பற்றி அல்ல. சனம் வீணாக்குவது உண்மைதான், ஆனால் சின்ன ஊர்த் திட்டங்களில் சனத்தை விடப் பெரிய குடிகாரன் வீதிக்குக் கீழே படுத்திருக்கும் குழாய். அவனைப் பிடித்த பிறகு மோட்டர்சைக்கிள் கழுவுகிறவனிடம் போகலாம்.

இது பெரும்பாலும் சொந்தக் கிணறு, சொந்தப் பம்பி, சொந்தத் தாங்கி வைத்து ஊரவர்களே நடத்துகிற திட்டங்களுக்கு. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் லைனில் இருப்பவர்கள், அதாவது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வருகிற மட்டக்களப்பு நகரப் பக்கத்தவர்களும், கொண்டவட்டுவான் குளத்துத் தண்ணீர் குடிக்கிற அம்பாறைக் கரையோரத்தவர்களும், மீட்டர் பற்றிய பகுதியையும் கிணறு பற்றிய பகுதியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் வாசித்தால் போதும்.

முதலில் அளவு

சங்கத்தில் யாரிடமாவது "மாதம் எவ்வளவு தண்ணீர் இறைக்கிறோம்?" என்று கேளுங்கள். "காலையில மூணு மணித்தியாலம், பின்னேரம் ரெண்டு மணித்தியாலம்" என்பார்கள். அது நேரம், அளவு அல்ல. அளவு வேண்டுமென்றால் தாங்கியிலிருந்து ஊருக்குப் போகும் குழாயில் ஒரு பெரிய மீட்டர் பூட்ட வேண்டும். புதிதாக எதற்காவது காசு செலவழிக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது பம்பிக்கு முன்னால் இந்த மீட்டரை வாங்குங்கள்.

மீட்டர் வாங்கும் வரைக்கும் தாங்கியே அளவுகோல். உங்கள் தாங்கி வட்டமானது, உள் விட்டம் 6 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு ஏறத்தாழ 28.3 சதுர மீற்றர், அதாவது நீர்மட்டம் ஒரு சென்ரிமீற்றர் ஏறினாலும் இறங்கினாலும் 283 லீற்றர். ஊருக்குப் போகும் வால்வைப் பூட்டிவிட்டு ஒரு மணித்தியாலம் பம்பியை ஓட்டி, மட்டம் எத்தனை சென்ரிமீற்றர் ஏறியது என்று பார்த்தால் பம்பி மணிக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று தெரிந்துவிடும். பம்பி வாங்கியபோது பெட்டியில் போட்டிருந்த கணக்கை நம்பாதீர்கள், பழைய பம்பி அந்த அளவுக்குத் தள்ளாது. பிறகு அதை மாதத்தில் ஓடிய மணித்தியாலத்தால் பெருக்குங்கள். அந்தப் பக்கத்தில் வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகையை எழுதுங்கள். 5,000 யூனிட் இறைத்து 3,600 யூனிட்டுக்குத்தான் பில் போட்டிருக்கிறீர்கள் என்றால் 1,400 யூனிட், நூற்றுக்கு 28, எங்கேயோ போயிருக்கிறது. ஒரு யூனிட் என்பது 1,000 லீற்றர் என்பதை நினைவில் வைத்தால் அந்த 1,400 எவ்வளவு பெரியது என்று விளங்கும். அதற்கும் சேர்த்துத்தான் கரண்ட் பில் கட்டுகிறீர்கள்.

அப்புறம் ராத்திரிச் சோதனை. இதுதான் தலைப்பில் சொன்ன விஷயம். இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரைக்கும் ஊர் தூங்குகிறது, யாரும் குளிப்பதில்லை, சமைப்பதில்லை. அந்த நேரம் பம்பியை நிறுத்தி, ஊருக்குப் போகும் வால்வைத் திறந்தபடியே விட்டு, தாங்கியின் மட்டத்தை இரண்டு மணிக்கு ஒருமுறை, நான்கு மணிக்கு ஒருமுறை அளக்க வேண்டும். ஒரு தடியில் அளவு நாடாவைக் கட்டிவிட்டால் போதும். மேலே சொன்ன தாங்கியில் 10 சென்ரிமீற்றர் இறங்கினால் 2,830 லீற்றர். மணிக்கு 1,400க்குச் சற்று மேல், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 34,000 லீற்றர். பகலில் சனம் பாவிக்கும்போது குழாயில் அழுத்தம் குறைவதால் உண்மையான கசிவு இதை விடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அதற்காக மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். 300 வீடு இருந்தால் வீட்டுக்கு 100 லீற்றருக்கு மேல் நிலம் குடிக்கிறது என்றுதான் அர்த்தம்.

எந்த நாளில் செய்வது என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். நாங்கள் முதல் தடவை செய்தது வைகாசியில், அம்மன் கோயில் சடங்கு நடக்கிற கிழமையில். ஊர் முழுக்க விழித்திருக்கிறது, வீட்டுக்கு வீடு விருந்தாளிகள், மூன்று மணிக்குக் குளிக்கிற சத்தம் கேட்கிறது. கணக்கைப் பார்த்து எங்கள் பொருளாளருக்கு நெஞ்சு நோவு வராத குறை. முஸ்லிம் ஊர்களில் நோன்பு மாதத்திலும் இதே கதைதான், விடியுமுன் சாப்பிடுகிற சஹர் நேரமும் சோதனை நேரமும் ஒன்றாகிவிடும். ஒரு சாதாரணக் கிழமை நாளில், மழையில்லாத நாளில், இரண்டு தடவை செய்து பாருங்கள். சில வீட்டுத் தாங்கிகள் ராத்திரியில்தான் நிரம்பும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டையைத் தேடுவது

அளவு தெரிந்த பிறகு இடம் தேட வேண்டும். அதற்கு வால்வுகள் வேலை செய்ய வேண்டும். இங்கேதான் பாதி ஊர்கள் விழுந்துவிடும், ஏனென்றால் வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே மனிதர் பழைய பம்ப் ஒப்பரேட்டர், அவர் இப்போது கட்டாரில் இருப்பார். வீதிக்குத் தார் போட்டபோது வால்வுப் பெட்டிகளும் தாருக்குள் போயிருக்கும். முதல் வேலை, வயசான ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நடந்து, கொப்பியில் படம் கீறுவது. "கடைச்சந்தி அரசமரத்திலிருந்து வடக்கே 14 அடி, மதகுக்கு இந்தப் பக்கம்" என்று அளவோடு எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வால்வையும் முழுக்கப் பூட்டித் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் இறுகிப்போய் நிற்கும். இறுகிய வால்வை நீளக் குழாய் மாட்டி முறுக்கினால் தண்டு உடையும், பிறகு பூட்டவும் முடியாது திறக்கவும் முடியாது.

வால்வுகள் சரியென்றால் ராத்திரிச் சோதனையை ஒழுங்கை ஒழுங்கையாகச் செய்யலாம். ஒரு பகுதியைப் பூட்டுங்கள், அரை மணித்தியாலம் பாருங்கள், தாங்கி இறங்குவது குறைந்தால் ஓட்டை அந்தப் பகுதியில். குறையாவிட்டால் அடுத்தது. பகுதி தெரிந்த பிறகு ஒரு இரும்புக் கம்பியை வால்வின் தலையிலோ வீட்டு மீட்டருக்கு முன்னால் உள்ள குழாயிலோ வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் "ஸ்ஸ்" என்ற சத்தம் கேட்கும். உலோகக் குழாய் என்றால் சத்தம் தூரத்துக்கு வரும். பி.வி.சி. குழாயில் ஓட்டைக்குக் கிட்டப் போனால்தான் கேட்கும், ஆகவே அடிக்கடி நின்று கேட்க வேண்டும். நாய்கள் விடாது. பொல்லு ஒன்று கொண்டுபோங்கள்.

நிலத்தைப் பொறுத்தும் தேடுகிற விதம் மாறும். படுவான்கரையின் களிமண் பகுதிகளில் ஒழுகும் தண்ணீர் மேலே வந்து சேறாகக் காட்டிக்கொடுக்கும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் மணலிலும் அம்பாறைக் கரையோர மணலிலும், களுவாஞ்சிக்குடியோ காரைதீவோ திருக்கோவிலோ, தண்ணீர் நேரே கீழே இறங்கிவிடும், மேலே ஈரம் கூடத் தெரியாது. எங்களுடைய ஏழு மாதத்து ஓட்டையும் ஒரு மணல் திட்டில்தான் இருந்தது. கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. ஆடு மேய்க்கிற ஒரு பெத்தா (பாட்டி) வந்து, "மனே, ஊரெல்லாம் காஞ்சி கிடக்கு, இந்தக் கம்பத்தடியில மட்டும் புல்லு பச்சையா நிக்கிது, என்ட ஆடு இந்த இடத்த விட்டு அசையுதில்ல, என்னெண்டு பாருங்க" என்றா. தோண்டினால், வீட்டு இணைப்புக்காகப் பிரதான குழாயில் மாட்டிய கிளிப் தளர்ந்து, சுற்றிவர ஒழுகிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கோடையில் பச்சையாக நிற்கும் புல்லை நான் சும்மா தாண்டிப் போவதில்லை.

பெரும்பாலான கசிவு இப்படித்தான், பெரிய குழாய் வெடிப்பதால் அல்ல, வீட்டு இணைப்பு எடுக்கும் இடத்திலும் பொருத்துகளிலும் நடக்கிறது. வெடித்த குழாய் ஒரே நாளில் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும், சின்ன ஓட்டை சத்தமில்லாமல் வருடக்கணக்கில் ஓடும். தாங்கி மட்டம் 10 மீற்றர் உயரத்தில் இருந்தால் வெறும் 3 மில்லிமீற்றர் ஓட்டையில் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 5,000 லீற்றர் போகும்.

திருத்தும்போது அவசரப்படாதீர்கள். சைக்கிள் ரியூப் சுற்றிக் கட்டினால் அது அன்றைக்கு நிற்கும், அடுத்த மாதம் திரும்ப வரும். ஓட்டையான துண்டை வெட்டி எடுத்து, இரண்டு பக்கமும் துடைத்துக் காயவைத்து, பிறகுதான் பி.வி.சி. கம் பூசிச் சொக்கட் போட வேண்டும். ஈரக் குழாயில் பூசிய கம் பிடிக்காது. கல்லில்லாத மணல் போட்டு மூடுங்கள், லொறி போகிற இடம் என்றால் இன்னும் ஆழமாகப் புதையுங்கள். வெட்டிய இடத்தால் மண்ணும் அழுக்கும் உள்ளே போயிருக்கும், ஆகவே கடைசியில் இருக்கும் கழுவல் வால்வைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும் வரைக்கும் ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீரை வீண் என்று நினைக்க வேண்டாம்.

மீட்டரும் பில்லும்

மீட்டர் இல்லாமல் "வீட்டுக்கு மாதம் இவ்வளவு ரூபாய்" என்று ஒரே கணக்காக அறவிடுகிற ஊர்களில் தண்ணீர் மிஞ்சாது. காசு ஒன்றுதான் என்றால் பைப்பை மூட யாருக்கு மனம் வரும்? மீட்டர் இருந்தும் பாதி நின்றுபோயிருந்தால் இன்னும் மோசம், ஒழுங்காகக் கட்டுகிறவருக்குத்தான் கோபம் வரும். நின்ற மீட்டர்களின் பட்டியலை மாதாமாதம் கூட்டத்தில் வாசியுங்கள், ஆளின் பெயரை வாசிக்க வேண்டாம், எண்ணிக்கையை மட்டும்.

கட்டணத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். குடிக்க, சமைக்க, குளிக்கத் தேவையான முதல் சில யூனிட்டுக்குக் குறைந்த விலை, அதற்கு மேல் போகப்போக ஒவ்வொரு படிக்கும் கூடிய விலை. சபையின் பில்லும் அப்படித்தான் ஏறுகிறது. ஆனால் ஒரு மீட்டரில் மூன்று குடும்பம் இருக்கும் வளவுகள் நம் பக்கத்தில் நிறைய, மகளுக்குச் சீதனமாக வளவிலேயே வீடு கட்டிக் கொடுக்கிற பழக்கம் நமக்கு. அந்த வளவுகளை ஒரு வீடாகக் கணக்குப் பார்த்தால் அவர்கள் அநியாயத்துக்கு மேல் படியில் போய் நிற்பார்கள். ஆட்களைக் கேட்டு, தனி மீட்டர் கொடுங்கள்.

அறவிட்ட காசில் கரண்டுக்கும் ஒப்பரேட்டர் சம்பளத்துக்கும் போக ஒரு பங்கைத் தொடாத கணக்கில் போடுங்கள். பம்பி ஒருநாள் எரியும், அது சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் நாள்தான் எரியும். அப்போது ஊரெல்லாம் தட்டம் ஏந்திக் காசு சேர்க்கிற அவமானம் எனக்கு நன்றாகத் தெரியும். கோயில், பள்ளிவாசல், பாடசாலை, எதுவானாலும் மீட்டர் பூட்டுங்கள். இலவசமாகக் கொடுப்பதென்றால் கொடுங்கள், ஆனால் எத்தனை யூனிட் கொடுத்தோம் என்று தெரிந்து கொடுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கு இரண்டு சோதனைகளைச் சொல்லிக்கொடுங்கள். ஒன்று, படுக்கப்போகும் முன் எல்லாப் பைப்பையும் பூட்டி மீட்டரைப் பார்ப்பது. கறுப்பு இலக்கம் யூனிட், சிவப்பு இலக்கம் லீற்றர். எல்லாம் பூட்டியும் அந்தச் சின்னச் சக்கரம் சுற்றினால் உள்ளே எங்கோ ஒழுகுகிறது. இரண்டு, கொமட் இருக்கும் வீடுகளில் சிஸ்டனுக்குள் சட்டைக்குப் போடுகிற நீலத்தைக் கொஞ்சம் கரைத்துவிட்டு இருபது நிமிடம் தண்ணீர் அடிக்காமல் பார்ப்பது, கொமட்டுக்குள் நீலம் இறங்கினால் வோசர் போய்விட்டது. சொட்டுகிற பைப்புக்குக் கீழே ஒரு லீற்றர் போத்தலை வைத்துப் பத்து நிமிடத்தில் நிரம்புகிறதா பாருங்கள். நிரம்பினால் ஒரு நாளைக்கு 144 லீற்றர், மாதம் நான்கு யூனிட்டுக்கு மேல். ஒரு வோசரின் விலையைப் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் மறுநாளே கடைக்குப் போவார்கள்.

நேரம் போட்டுத் திறப்பது பற்றி

தண்ணீர் குறைந்ததும் காலையில் ஒரு மணித்தியாலம் மட்டும் திறப்பது என்று தீர்மானிப்பார்கள். வேறு வழியில்லாவிட்டால் செய்யத்தான் வேண்டும், ஆனால் அதில் உள்ள ஆபத்தைத் தெரிந்து செய்யுங்கள். குழாய் வெறுமையாகும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிறது, தண்ணீர் வெளியே ஒழுகிய அதே ஓட்டை வழியாக வெளியே நிற்கும் ஊத்தைத் தண்ணீர் உள்ளே வரும். வடிகானுக்குள்ளால் குழாய் போகிற ஊர்களில் இதை நினைத்தாலே வயிற்றைப் பிரட்டும். லைனில் நேரே மோட்டர் பூட்டி உறிஞ்சுகிறவர் இருந்தால் இன்னும் மோசம், பக்கத்து வீட்டுக்குத் தண்ணீரும் வராது, அழுக்கும் உள்ளே வரும். லைனிலிருந்து நிலத்தொட்டிக்கு, தொட்டியிலிருந்து மோட்டர், அதுதான் முறை. இதில் மட்டும் நான் கொஞ்சமும் இரக்கம் பார்க்கமாட்டேன், கண்டால் இணைப்பை வெட்டுங்கள்.

முழுக்கப் பூட்டுவதை விட, ராத்திரியில் வால்வைப் பாதி பூட்டி அழுத்தத்தைக் குறைப்பது நல்லது. குழாயில் தண்ணீர் நிற்கும், கசிவு மட்டும் குறையும். பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால், திரும்பத் திறக்கும்போது மெல்ல மெல்லத் திறக்கச் சொல்லுங்கள். ஒரேயடியாகத் திறந்தால் காற்றும் தண்ணீரும் மோதிப் பொருத்துகளைப் பெயர்த்துவிடும், காற்றே மீட்டரைச் சுழற்றிவிடும். பிறகு "காத்துக்கும் காசு கேக்கிறீங்களா" என்று சனம் சண்டைக்கு வரும், அதில் நியாயமும் இருக்கும்.

2022இல் மார்ச் கடைசியில் கரண்ட் வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனதே, அப்போது தாங்கியைக் காலியாக வைத்திருந்த ஊர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தாங்கி பாதிக்குக் கீழே இறங்க விடாமல் ஒப்பரேட்டர் பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஒரு பழக்கம், காசு செலவில்லை.

குளோரின்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் விட்டுவிட வேண்டாம். தாங்கியில் 10,000 லீற்றர் தண்ணீருக்கு லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் வேண்டுமென்றால் 10 கிராம் குளோரின். கடையில் வருகிற வெளிற்றும் தூளில் நூற்றுக்கு 30 பங்கு குளோரின் இருந்தால் 33 கிராம் தூள் போட வேண்டும். கண்மட்டத்தில் கைப்பிடியாக அள்ளிப் போடாமல் தராசில் நிறுங்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிந்ததை மட்டும் தாங்கியில் ஊற்றி, அரை மணித்தியாலமாவது விட்டுப் பிறகு ஊருக்குத் திறங்கள். கரைக்கும்போது மூக்கையும் கண்ணையும் மறைத்துக்கொள்ள வேண்டும். திறந்த பையை ஈரமான பம்பி அறையில் வைத்தால் தூள் சத்துப் போய்விடும், பிறகு எவ்வளவு போட்டும் பலனில்லை.

சரியாகப் போட்டோமா என்பதைத் தாங்கியடியில் பார்க்கக் கூடாது. லைனின் கடைசி வீட்டில் பார்க்க வேண்டும். அங்கே லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். குளிசை போட்டால் இளஞ்சிவப்பாகும் சோதனைப் பெட்டி பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பி.எச்.ஐ. ஐயாவிடம் இருக்கும், ஒருமுறை கூட வந்து பார்க்கச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். கடைசி வீட்டில் திடீரென்று ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் நடுவில் எங்கோ அழுக்கு உள்ளே வருகிறது என்று சந்தேகப்படுங்கள்.

கிணற்றை மூடாதீர்கள்

குழாய் வந்ததும் நம்மவர்கள் செய்கிற முதல் காரியம், வளவுக் கிணற்றில் குப்பையைப் போட்டு மூடுவது. வேண்டாம். கரையோர மணலில் நமக்குக் கிடைக்கும் நல்ல தண்ணீர், மழை இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிற ஒரு படலம். கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி இறைத்துத் தாழ்த்தினால், காலப்போக்கில் கீழே உப்பு எவ்வளவு மேலே ஏறும்! 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளைத் துப்புரவாக்க என்று பம்பி வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள், பல கிணறுகளில் இறைக்க இறைக்க உப்புக் கூடியது. கடைசியில் கழுவித் தந்தது மாரி மழைதான்.

ஆகவே ஊர்க் கிணற்றில் பெரிய பம்பியை வைத்து ஒரேயடியாக உறிஞ்ச வேண்டாம். சின்னப் பம்பி, நீண்ட நேரம், இடையிடையே ஓய்வு. முடிந்தால் ஒரு ஆழக் கிணற்றுக்குப் பதில் தள்ளித் தள்ளி இரண்டு மூன்று ஆழமில்லாத கிணறுகள். கிழமைக்கு ஒருமுறை, பம்பி ஓடாத விடியற்காலையில், கிணற்று மட்டத்தை அளந்து எழுதுங்கள். உப்பை நாக்கால் பார்ப்பது தாமதமான சோதனை. குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராம் அளவுக்கு வந்த பிறகுதான் நாக்குக்குத் தெரியும், அதற்குள் படலம் மெலிந்திருக்கும். உப்புக் கூடினால் தண்ணீரின் மின்கடத்துதிறனும் கூடும், அதைப் பார்க்கிற பேனா மாதிரி ஒரு கருவி இருக்கிறது, அதில் இலக்கம் கிழமைக்குக் கிழமை ஏறினால் இறைப்பைக் குறையுங்கள்.

வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குளிக்க, உடுப்புத் தோய்க்க, மரத்துக்கு ஊற்ற வைத்துக்கொண்டு குழாய்த் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுத்தால் ஊர்த் திட்டத்தின் சுமை பெருமளவு இறங்கும். குழாயும் கிணறும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனிப் பைப்பாக இருக்க வேண்டும், இது முக்கியம். குடிப்பதற்கு ஏன் கிணறு வேண்டாம் என்றால், மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி என்பார்கள், காத்தான்குடியிலும் கல்முனையிலும் சிலருடைய வளவே 50 அடி இல்லை. அந்த மணல் வழியாக, குழிக் கழிவிலிருந்து உண்டாகும் நைத்திரேற்று கிணற்றுக்கு வரும், கைக்குழந்தைகளுக்கு அது கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறிவாகத்தான் செய்யும்.

மழையைப் பிடிப்பதும் கிணற்றுக்குச் செய்கிற உதவிதான். 50 சதுர மீற்றர் கூரையில் 20 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1,000 லீற்றர், சிந்திச் சிதறியது போக 800 பிடிக்கலாம். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் நமக்குக் கிடைக்கிற மழைக்குப் பீலி போட்ட வீடு தாங்கியை நிரப்பிவிட்டு மிச்சத்தை வளவு மணலில் இறக்கிவிடலாம். முதல் மழையின் தண்ணீரைத் தாங்கிக்குள் விட வேண்டாம், கூரையில் காகம் விட்டதெல்லாம் அதில்தான் வரும். சீமெந்து போட்டு முற்றம் முழுக்க மூடுகிற இந்தப் புதுப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை, சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை.

கோடைக்கும் வெள்ளத்துக்கும் முன்னால்

கோடைத் திட்டத்தைப் பங்குனியில் எழுதுங்கள், ஆவணியில் அல்ல. கிணற்று மட்டம் இவ்வளவுக்கு இறங்கினால் தோட்ட இணைப்புகளை நிறுத்துவது, இன்னும் இவ்வளவு இறங்கினால் வீடு கட்டுகிறவர்கள் சல்லி, சீமெந்து வேலைக்குக் குழாய்த் தண்ணீர் எடுப்பதை நிறுத்துவது, அதற்கும் கீழே போனால் நேரம் போடுவது. அளவைப் பொதுக்கூட்டத்தில் முதலே சொல்லிவிட்டால், அந்த நாள் வரும்போது யாரும் தலைவரின் மச்சானைப் பற்றிப் பேசமாட்டார்கள். பவுசர் தண்ணீர் தேவைப்படும் என்று தெரிந்தால் கிராம சேவகரிடமும் பிரதேச சபையிலும் முதலே எழுத்தில் கொடுங்கள். வெறும் வாயால் சொன்னது எந்தக் கந்தோரிலும் நிற்காது. பவுசர் வந்தால் அதிலும் குளோரின் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐப்பசிக்கு முன்னால் பாலத்தடியிலும் மதகுகளிலும் குழாய் தாண்டுகிற இடங்களைப் போய்ப் பார்த்துக் கட்டுக்களை இறுக்குங்கள், பம்பியின் மின்பெட்டியை வெள்ளம் வந்த உயரத்துக்கு மேலே தூக்குங்கள். 2011 தை மாதத்து வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று உங்கள் ஊர்ச் சுவர்களே சொல்லும். வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கிவிட்டால் கலங்கலான தண்ணீரில் குளோரினைக் கொட்டிப் பயனில்லை, சேறு அதைத் தின்றுவிடும். முதலில் கலங்கல் அடங்க விட்டு, இறைத்துத் துப்புரவாக்கி, பிறகு கூடுதல் அளவில் குளோரின் இட்டு ஒரு நாள் விட்டு, திரும்ப இறைத்து, பி.எச்.ஐ. வந்து பார்த்த பிறகு ஊருக்குத் திறங்கள். கரையோரக் கிணறு என்றால் இங்கேயும் மெதுவாக இறையுங்கள், உப்பின் கதை மேலே சொன்னதுதான்.

சபையின் லைனில் இருப்பவர்கள் வீதியில் ஒழுகுவதைக் கண்டால் 1939க்கு அழைத்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் ஆள் வராவிட்டால் அந்த இலக்கத்தைச் சொல்லித் திரும்ப எடுங்கள். ஊர்ச் சங்கத்து லைன் என்றால் ஒப்பரேட்டரின் போன் இலக்கத்தைப் பெயின்ற்றால் பெரிதாகத் தாங்கிச் சுவரில் எழுதிவிடுங்கள். எங்கள் ஊரில் அந்தப் பெத்தாவுக்குப் போன் இல்லை, ஆகவே ஒப்பரேட்டர்தான் இப்போது மாதம் ஒருமுறை அவவின் ஆட்டுப் பட்டிப் பக்கம் போய் விசாரித்துவிட்டு வருகிறார்.